புலனும் பொறுப்பும்

இலங்கைத் தமிழில் வாகனம் செலுத்துவோனைச் சாரதி என்றழைப்பது வழக்கு. தேர்ப்பாகனைக் குறித்த வடசொல் மோட்டார் வாகனத்தோடு புதுவாழ்வு பெற்று, அனுமதிப்பத்திரத்திலும் அன்றாடப் பேச்சிலும் இன்று நிலைபெற்றுள்ளது. இச்சொல்லோடு தொடர்புடைய பழையதொரு தத்துவ உருவகமும் உண்டு. கடோபநிடதம் உடலைத் தேராகவும், ஆன்மாவைத் தேருக்குரியவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகித்தது. புலன்கள் நாடும் பொருள்களே அக்குதிரைகள் ஓடும் வீதிகள். கடிவாளத்தை உறுதியாகப் பற்றாதவனின் குதிரைகள் அவனுக்கு அடங்கா. அவன் சேரவேண்டிய இடத்தைச் சேரான் என்பது அவ்வுருவகத்தின் முடிபு.

இவ்வுருவகமும் இதனையொத்த நீதிநூற் கருத்துக்களும் தமிழர் சிந்தனையில் ஓர் எண்ணத்தை ஆழப் பதித்துள்ளன. புலன்கள் அடங்காமை ஒழுக்கக் குறைவு என்பதே அது. புலனடக்கம் பேரறமாகப் போற்றப்பட்ட மரபிலே, புலன்களால் அலைக்கழிக்கப்படுபவன் கண்டனத்துக்கு உரியவனானதில் வியப்பில்லை. ஆயின், ஒருவனைப் புலன்கள் அலைக்கழிப்பதற்கு அவனது ஆசை காரணமாகாமல் அவனது நரம்பமைவே காரணமாயின், அக்கண்டனம் பொருந்துமா? அத்தகைய ஒருவன் உருவகத்திலன்றி உண்மையிலேயே ஒரு வாகனத்தின் சாரதியாக விரும்புவானாயின், சமூகம் அவனுக்குச் செய்யவேண்டிய கடன் யாது? அவன் சமூகத்துக்குச் செய்யவேண்டிய கடன் யாது? வாகனம் செலுத்தப் பழகுதல் என்ற சிறு விடயத்தினுள்ளே இத்தகைய பெரிய வினாக்கள் அடங்கியுள்ளன.

முதற்கண் இவ்விடர்ப்பாட்டின் தன்மையை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பொறி வேறு, புலன் வேறு என்னும் பாகுபாடு தமிழில் நெடுங்காலமாக உள்ளது. கண்ணும் காதும் பொறிகள். காண்டலும் கேட்டலும் அவற்றின்வழி நிகழும் புலனுணர்வுகள். பொறியிலே குறையேதுமின்றி, அது கொணரும் செய்தியை மூளை ஒழுங்குபடுத்தும் முறையிலே இடர்ப்பாடு தோன்றலாம் என்பதை விரிவாக எடுத்துரைத்தவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்வழிச் சிகிச்சையாளரான ஜீன் அயர்ஸ் (1920–1988). 1972ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல், புலன்களின் ஒருங்கிணைவுக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. ஐம்புலன்களோடு, உட்செவியில் அமைந்த சமநிலைப் புலனையும், தசைகளிலும் மூட்டுகளிலும் அமைந்து உறுப்புகளின் நிலையை உணர்த்தும் புலனையும் அவர் முதன்மைப்படுத்தினார். இவ்வொருங்கிணைவு குன்றியவிடத்து, சிலருக்குச் சாதாரண ஒலியும் ஒளியும் தாங்கொணாதனவாகின்றன. சிலருக்குப் புலன்வழிச் செய்தி போதிய வலுவுடன் எட்டுவதில்லை. வேறு சிலர் பல செய்திகள் ஒருங்கே வரும்போது வேண்டியதை வேண்டாததினின்று பிரித்தறிய இடர்ப்படுகின்றனர்.

இது தனியொரு நோயாகக் கொள்ளத்தக்கதா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்தில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்தாம் வகைப்பாட்டு நூலில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆயினும், புலன்வழித் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ துலங்குதல் ஓட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்றாக அந்நூலிற் சேர்க்கப்பட்டது. பெயர் பற்றிய விவாதம் எவ்வாறாயினும், அனுபவம் மெய்யானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சைவசித்தாந்தம் இதனை விளங்கிக்கொள்ள ஒருவகையில் துணைபுரிகின்றது. புறப்பொறிகள் கொணர்வதை மனம் பற்றுவதும் புத்தி துணிவதும் வெவ்வேறு செயல்கள் என அது அந்தக்கரணங்களை வகுத்துரைக்கின்றது. பொறி செவ்வனே இயங்கினாலும் பற்றுதலுக்கும் துணிதலுக்கும் இடையே தாமதமும் குழப்பமும் நேரலாம் என்பதற்கு அவ்வகுப்பில் இடமுண்டு.

இவ்விடர்ப்பாடு வீதியிலே எவ்வாறு வெளிப்படும் என்பதைக் காணக் கொழும்பின் கிருலப்பனைச் சந்தி தக்க இடமாகும். களனிப் பாலத்தின் பக்கமிருந்து தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி வழியாக வரும் பேஸ்லைன் வீதி, நகரிலிருந்து நுகேகொடை, மகரகமை நோக்கிச் செல்லும் ஹைலெவல் வீதியை இங்கே சந்திக்கின்றது. புறக்கோட்டையிலிருந்து வரும் 138ஆம் இலக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்த முனைகின்றன. முச்சக்கரவண்டிகள் கிடைத்த இடைவெளியிலெல்லாம் நுழைகின்றன. மோட்டார்ச் சைக்கிள்கள் இருபுறமும் உரசிச் செல்கின்றன. சந்தைக்கு வருவோரும் பேருந்துக்கு ஓடுவோரும் வீதியைக் கடக்கின்றனர். சமிக்ஞை விளக்கு பச்சையாக மாறும் கணத்திலேயே பின்னால் நிற்கும் வாகனங்களின் ஹோர்ன் ஒலி எழுந்துவிடுகின்றது.

இச்சந்தியிலே 'எல்' என்ற செந்நிற எழுத்தைத் தாங்கிய பயிற்சிக் காரொன்றில் இளம்பெண் ஒருத்தி அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். அவள் கால்கள் கிளச்சையும் பிரேக்கையும் எவ்வளவு அழுத்துகின்றன என்பதைத் தசைகளே அவளுக்கு உணர்த்தவேண்டும். பாதத்தைக் குனிந்து நோக்க அவகாசமில்லை. மூன்று கண்ணாடிகளிலே மூன்று காட்சிகள் தெரிகின்றன. பயிற்றுநரின் குரல், இயந்திரத்தின் ஒலி, ஹோர்ன்களின் ஓசை, கண்ணாடியிற் பட்டுத் தெறிக்கும் வெயில் ஆகிய அனைத்தும் ஒரே வலுவுடன் அவளை வந்தடைகின்றன. பிறர் மூளை தானாகவே ஒதுக்கிவிடும் எதையும் அவளது மூளை ஒதுக்குவதில்லை. நகரப்பகுதியில் மோட்டார்க் காருக்குரிய உச்ச வேகமான மணிக்கு 50 கிலோமீற்றரிற் செல்லும் வாகனம், ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடந்துவிடுகின்றது. துணிதலில் நேரும் ஒரு செக்கன் தாமதம், பாதசாரிக் கடவையொன்றின் அகலத்தைவிட மிகுந்த தூரமாக வீதியில் உருக்கொள்கின்றது.

அவள் தடுமாறுகின்றாள், வாகனம் நின்றுவிடுகின்றது. அப்போது வழக்கமாகக் கூறப்படும் சொற்கள் சிந்திக்கத்தக்கவை. 'கவனமில்லை', 'பயந்த சுபாவம்', 'மனம் வைத்தால் முடியும்' என்பனவே அவை. இம்மூன்றும் அவளது இயலுமையைப் பற்றிய கூற்றுக்கள்போலத் தோன்றினும், உண்மையில் அவளது குணத்தைப் பற்றிய தீர்ப்புகளாகும். அவள் கவனமின்றி இருக்கவில்லை. எதையும் கவனியாது விட இயலாமையே அவளது துன்பம். கடோபநிடதம் கூறும் கடிவாளத்தை அவள் தளரவிடவில்லை. இறுகப் பற்றியும் குதிரைகள் திமிறுகின்றன.

எனவே இரண்டு விடயங்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. புலனடக்கம் என்பது விருப்பத்தின்பாற்பட்டது. இன்பத்தை நாடும் புலனை அறிவு தடுத்து நிறுத்துதல் அதன் பொருள். புலனமைவு என்பது இயற்கையின்பாற்பட்டது. செய்தி வரும் வழியும் வகையும் அதன் பொருள். முன்னதிலே தவறுபவனைக் கடிந்துகொள்ள நியாயம் உண்டு. பின்னதிலே இடர்ப்படுபவனைக் கடிந்துகொள்வது குள்ளனை உயரமின்மைக்காகக் கடிந்துகொள்வது போன்றதாகும். செய்யவேண்டும் என்று ஒருவனைப் பணிப்பதற்கு முன்னர், அதனைச் செய்தல் அவனுக்கு இயலும் என்பது உறுதிப்படவேண்டும் என்ற கருத்து, ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற்றின் பெயரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது. இயலாததை விதித்து, அதனை நிறைவேற்றாமைக்காகப் பழிப்பது அறமாகாது. புலனமைவைப் புலனடக்கமின்மையாக மயங்கிக்கொள்வதே இவ்விடயத்தில் வீடுகளிலும் பாடசாலைகளிலும் பயிற்சிக் கார்களிலும் ஒருங்கே நிகழும் அநீதியாகும்.

எனினும், இவ்விடத்தில் வாதத்தை நிறுத்திவிடுதல் பொருந்தாது. பழிக்கத்தகாதவள் என்பதனால் அவள் வாகனம் செலுத்தத் தக்கவள் என்றாகிவிடாது. சந்தைக்குச் செல்லும் முதியவர் ஒருவர்மீது வாகனம் மோதுமாயின், செலுத்தியவள் குற்றமற்றவள் என்பதனால் அவரது எலும்பு முறியாமற் போவதில்லை. வீதியிலே உள்ளோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவரது திறமையை மற்றவர் சோதித்தறிய வழியின்றி, அனைவரும் ஒருவரையொருவர் நம்பியே நடக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு அரசு அளிக்கும் பிணையே சாரதி அனுமதிப்பத்திரம். அது பெறுபவருக்கு வழங்கப்படும் பரிசிலன்று. முகமறியாத அனைவருக்கும் அவர் கொடுக்கும் வாக்குறுதியாகும். ஆதலின் இரக்கத்தின் பேரில் அளவுகோலைத் தாழ்த்துதல், அவ்வாக்குறுதியைப் பொய்யாக்கிவிடும். அவ்வாறு செய்வது அவளுக்கும் நன்மையாகாது. தாங்கமுடியாத ஒரு விபத்தின் சுமையை அவள்மீது ஏற்றிவைக்கும் இரக்கம் இரக்கமாகாது.

அவ்வாறாயின், அளவுகோலை எவ்வாறு பிரயோகிப்பது என்பது அடுத்த வினா. இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, மனிதரை வகைப்படுத்தி அவ்வகைக்குத் தீர்ப்பு வழங்குவது. மற்றையது, தனிமனிதரின் செயலைக் கண்டு தீர்ப்பு வழங்குவது. முதல்வழி எளிதாயினும் அநீதிக்கு இட்டுச்செல்வது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் சான்று பகர்கின்றன. பிரித்தானியாவில் சாரதி அனுமதிப்பத்திரங்களை வழங்கும் அரச முகவரகம், ஓட்டிசமுடைய சாரதிகள் யாவரும், அது தம் வாகனமோட்டலைப் பாதியாதவிடத்தும், தம் நிலையை அறிவிக்கவேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது தன் அறிவுறுத்தலைத் திருத்தி, பாதுகாப்பாக வாகனம் செலுத்துவதை அந்நிலை பாதிக்குமாயின் மட்டுமே அறிவிக்கவேண்டும் எனத் தெளிவுபடுத்தியது. இந்தியாவில், செவிப்புலனற்றோருக்கு அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டமை தொடர்பான வழக்கிலே, தேர்வுக்குத் தோற்றும் வாய்ப்பை அவர்களுக்கு மறுக்கலாகாது என்றும், தேறுவோர் அனுமதிப்பத்திரம் பெறலாம் என்றும் தில்லி மேல் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் வழிவகுத்தது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் தேர்வின் கடுமை குறைக்கப்படவில்லை. தேர்வுக்கு முன்னரே கதவடைக்கும் முறையும், பெயரைக் கொண்டே ஐயுறும் முறையுமே கைவிடப்பட்டன.

இலங்கையிலே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்படுகின்றன. விண்ணப்பிப்பவர் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழைப் பெற்று, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறவேண்டும். பொறிகளின் நலத்தை அறிய மருத்துவப் பரிசோதனை பயன்படும். அமைதியான அறையொன்றில் எழுத்துப்பலகையை வாசிப்பவருக்கு நெரிசலான சந்தியில் நேரும் குழப்பத்தை அத்தகைய பரிசோதனையால் அறியமுடியாது. அதனை அறியவல்லது, போதிய கால அளவில் வீதியிலே நிகழும் பயிற்சியும் அவதானிப்பும் மட்டுமே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்தது. நியாயமான வசதியளித்தல் என்ற கோட்பாடும், தனிமனிதர் இயன்றவரை பிறரைச் சாராது நடமாடும் உரிமையும் அச்சமவாயத்தில் இடம்பெறுகின்றன. இக்கோட்பாட்டை வாகனப் பயிற்சிக்குப் பொருத்துமிடத்து, அதன் சாரத்தை இவ்வாறு கூறலாம்: சேரவேண்டிய இடம் அனைவருக்கும் ஒன்று, சேரும் வழியும் அதற்கு எடுக்கும் காலமும் வேறுபடலாம்.

இவ்வேறுபட்ட வழி எத்தகையது என்பதற்கு அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினின் வாழ்வு எடுத்துக்காட்டாகும். 1947ஆம் ஆண்டில் பிறந்தவரும் ஓட்டிசமுடையவருமான அவர், இளமையில் அரிசோனாவிலுள்ள தம் உறவினரின் பண்ணையில், நெரிசலற்ற மண்பாதைகளிலே நீண்டகாலம் ஓட்டிப் பழகினார். கைகால்களின் இயக்கம் சிந்தனையின்றித் தானாக நிகழும் நிலை வந்த பின்னரே போக்குவரத்து மிக்க வீதிக்குச் செல்லவேண்டும் என்பது அவரது அறிவுரை. இதன் காரணம் தெளிவானது. பழகிய செயல் அறிவின் கவனத்தை வேண்டுவதில்லை. விடுபட்ட கவனம் வீதியை நோக்கத் திரும்புகின்றது. அரிசோனாவின் வெற்றுநிலம் கிருலப்பனையில் இல்லை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை அதிகாலையின் ஒழுங்கைகள் உள. கியர் மாற்றும் வேலையைத் தானே செய்துகொள்ளும் வாகனங்கள் உள. ஒரே பாதையைப் பலமுறை ஓட்டிப் பழகுதல், வெயிலைத் தணிக்கும் கண்ணாடி அணிதல், பயிற்றுநர் ஒரு நேரத்தில் ஒரு சொல்லே கூறுதல் போன்ற எளிய உபாயங்களும் உள.

இவ்வுபாயங்கள் எளியனவாயினும் இலவசமானவையல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. பயிற்சிப் பாடசாலைகள் குறித்த எண்ணிக்கையிலான பாடங்களுக்குக் கட்டணம் அறவிடுகின்றன. இருமடங்கு காலம் வேண்டுபவர் இருமடங்கு பணம் செலுத்தவேண்டும். சொந்தக் காரும் பொறுமையுள்ள தந்தையும் உடைய வீட்டில் பிறந்தவருக்கு இயல்பாகக் கிடைக்கும் மேலதிகப் பயிற்சி, முச்சக்கரவண்டி செலுத்திப் பிழைக்க எண்ணும் தோட்டவீட்டு இளைஞனுக்குக் கிடைப்பதில்லை. முன்னவருக்கு வாகனம் வசதி. பின்னவனுக்கு அது ஊண். ஒரே புலனமைவு ஒருவரிடத்தே சிறு தாமதமாகவும் மற்றவரிடத்தே தொழிலிழப்பாகவும் விளைவதாயின், அவ்வேறுபாட்டுக்குக் காரணம் நரம்பிலன்று, சமூக அமைப்பிலேயே தேடப்படவேண்டும்.

இனி, பழகுபவரின் கடனும் கூறப்படவேண்டும். தன் எல்லையைத் தானே உள்ளவாறு அறிதலும், அறிந்தவாறு நடத்தலும் அக்கடனாகும். மழையிரவில் எதிர்வரும் விளக்குகள் கண்ணைக் குழப்புமாயின் அவ்வேளையிற் செலுத்தாதிருத்தல், புலன்கள் நிரம்பி வழியுமுன் வாகனத்தை ஓரமாக நிறுத்துதல், தேர்வில் தேறிய பின்னரும் தேறாத வீதிகள் உள என்பதை ஒப்புக்கொள்ளுதல் ஆகியன அதன் கூறுகள். எல்லையை ஒப்புக்கொள்பவரை ஏளனம் செய்யும் சமூகம் அவரை மறைக்கத் தூண்டுகின்றது. மறைக்கப்பட்ட எல்லையே வீதியில் உயிரைப் பறிக்கின்றது. ஆகவே உண்மையுரைத்தல் தனிமனிதரின் கடனாக, உண்மையுரைப்பவரை இழிவுபடுத்தாமை சமூகத்தின் கடனாகின்றது.

இக்கடன் இவருக்கு மட்டும் உரியதா என்பதும் ஆராயத்தக்கது. உறக்கமின்றிப் பேருந்து செலுத்துபவரும், மதுவருந்தியவரும், கைத்தொலைபேசியை நோக்கியவாறு சந்தியைக் கடப்பவரும் தம் புலன்களைத் தாமே குறைத்துக்கொண்டவர்கள். இயற்கை தந்த இடர்ப்பாட்டோடு போராடுபவரை ஐயுறும் கண், வலிந்து வரவழைத்துக்கொண்ட இடர்ப்பாட்டை எளிதில் மன்னித்துவிடுகின்றது. தன் புலன்களை ஒருபோதும் ஐயுறாதவரைக் காட்டிலும், அவற்றின் எல்லையை அனுபவத்தால் அறிந்தவர் மிகுந்த அவதானம் உடையவராதல் கூடும்.

மேலும், வீதியின் ஆரவாரம் மழையைப்போல இயற்கையில் வருவதன்று. அது மனிதரது செயல். சிவப்பு விளக்கின்முன் அழுத்தப்படும் ஹோர்ன் எவரையும் முன்னே நகர்த்துவதில்லை. பொறுமையின்மையைப் பிறர் காதில் ஏற்றுவது ஒன்றே அதன் பயன். 2007ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிப் பாவனை தொடர்பான வழக்கொன்றிலே, கேட்க விரும்பாதவரைக் கட்டாயக் கேட்போராக்குதல் தகாது என்னும் கருத்துப்பட நோக்கி, இரவுவேளைப் பாவனைக்கு வரையறை விதித்தது. ஒலியும் ஒருவர்மீது இழைக்கப்படும் செயலே என்ற அறிவு அதில் அடங்கியுள்ளது. அவ்வறிவு சந்திகளுக்கும் பரவுமாயின், புலனுணர்வு மிக்க சாரதிக்கு மாத்திரமன்றி, நோயாளிக்கும் குழந்தைக்கும் கடவையில் நிற்கும் முதியவருக்கும் அது நன்மையாகும்.

இறுதியாக, எவ்வளவு காலமும் வசதியும் அளிக்கப்பட்ட பின்னரும் வாகனம் செலுத்த இயலாதவர் சிலர் இருப்பர். அவர்களைப் பற்றிய சிந்தனையின்றி இவ்வாராய்ச்சி முழுமையடையாது. அனுமதிப்பத்திரம் வளர்ந்த மனிதனின் அடையாளமாகவும் குடும்ப மதிப்பின் அளவாகவும் கருதப்படும் நகரிலே, அது இல்லாமை ஒரு குறையாக எண்ணப்படுகின்றது. பேருந்திற் செல்லலாமே என்று கூறுவது எளிது. ஆயின் நெரிசலும் வெக்கையும் உரத்த பாட்டும் நிறைந்த பேருந்து, இத்தகையோருக்குச் சாரதி ஆசனத்தைவிடக் கொடியதாதல் கூடும். தாங்கக்கூடிய பேருந்தும், நடக்கக்கூடிய நடைபாதையும், அஞ்சாது கடக்கக்கூடிய கடவையும் அமைந்த நகரிலேதான் வாகனம் செலுத்தாமை ஒருவரது நேர்மையான தெரிவாக இருக்கமுடியும். அவை இல்லாதவிடத்து, செலுத்தத் தகாதவரும் செலுத்தியே தீரவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகின்றனர்.

ஆகவே, புலன்களோடு போராடிப் பழகுபவருக்குச் சமூகம் அளிக்கவேண்டியது பழியுமன்று, சலுகையுமன்று. போதிய காலத்தை அளித்து, அதன் பின்னர் அனைவருக்கும் உரிய அதே தேர்வை அவர்முன் வைத்தலே நீதி. தேறினால் அவரை ஏனைய சாரதிகளுள் ஒருவராக நம்புதல் வேண்டும். தேறாவிடின் அவரது மதிப்பில் அணுவளவும் குறையாது, அவர் செல்லவேண்டிய இடத்துக்குச் செல்ல வேறு வழி அமைத்தல் வேண்டும். ஒரு பயிற்சிக் கார் சந்தியிலே நின்றுவிடும்போது, பின்னால் நிற்பவர் ஹோர்னை அழுத்தாது காத்திருக்கும் சில செக்கன்களிலே இந்நீதி தொடங்குகின்றது.